தாடை மூட்டு முறிந்த ஏழு வயது மகனுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார்கள், இது சரியா?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரங்களுக்கு முன் சைக்கிளில் இருந்து குப்புற விழுந்து முகவாய் கிழிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் தையல் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் கழித்தும் அவனால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. கடித்தால் பற்கள் ஒரு பக்கம் மட்டும் முட்டின. பல் மருத்துவரிடம் காட்டினோம். எக்ஸ்-ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டு, இடப்பக்கத் தாடை மூட்டின் கழுத்து முறிந்து உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். முகத்தாடை அறுவை மருத்துவர், ஆபரேஷன் தேவையில்லை, ஒரு வாரம் கூழாக உணவு கொடுங்கள், பிறகு வாயைத் திறந்து மூடும் பயிற்சி செய்ய வையுங்கள் என்று சொன்னார். பயிற்சி செய்யும்போது பையன் அழுகிறான். உடைந்த எலும்பை அசைத்துக்கொண்டே இருந்தால் எப்படிக் கூடும், துணியால் கட்டி வை, புத்தூர் கட்டுப் போடலாம் என்கிறார் என் மாமியார். உடனே பிளேட் வைத்துவிடுங்கள் என்கிறார் ஓர் உறவினர். வளரும்போது முகம் கோணலாகிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஆட்டுக்கால் சூப், பிரண்டை எல்லாம் கொடுக்கலாமா? ஸ்டெம் செல் ஊசி போட்டால் எலும்பு சீக்கிரம் வளரும் என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனுக்கு ஆபரேஷன் செய்யாததை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஏழு வயதுக் குழந்தைக்குத் தாடை மூட்டின் கழுத்து முறிந்து சாய்ந்திருந்தாலும், வாய் ஓரளவு திறக்கிறது, பற்களை மெதுவாகப் பொருத்திக் கடிக்க வைக்க முடிகிறது என்றால், அந்த இடத்தைக் கத்தியால் திறக்காமல் விடுவதே நல்லது என்பது இன்று முகத்தாடை அறுவை மருத்துவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் முடிவு. ஆனால் ஆபரேஷன் தேவையில்லை என்பதைச் சிகிச்சையே தேவையில்லை என்று யாரும் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. உங்கள் மகனுக்குச் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் அழுதுகொண்டே செய்கிறானே, அந்தப் பயிற்சிதான் சிகிச்சை. என்ன ஆனாலும் அதை நிறுத்திவிடாதீர்கள்.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்; காரணம் தெரிந்தால்தான் மாமியாருக்கும் உறவினருக்கும் பதில் சொல்லும் தெம்பு உங்களுக்கு வரும். உங்கள் காதுக்கு நேர் முன்னால் ஒரு விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னே போய்த் திரும்புவது தெரியும். கீழ்த்தாடையின் மேல்நுனி அது. மண்டையோட்டில் உள்ள ஒரு சிறு குழியில், நடுவே ஒரு குருத்து வட்டை வைத்துக்கொண்டு, அது இயங்குகிறது. குமிழுக்குக் கீழே உள்ள கழுத்துதான் தாடையிலேயே மெலிந்த பகுதிகளில் ஒன்று. முகவாய் தரையில் மோதும்போது அந்த விசை தாடை எலும்பின் வழியே மேலேறி இந்தக் கழுத்தில் வந்து நிற்கிறது. அடி நடுவில் விழுந்தால் இரண்டு பக்கக் கழுத்துகளும் முறியலாம். வலப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் இடப்பக்கக் கழுத்து முறியும். காயம் ஓரிடத்திலும் முறிவு வேறோரிடத்திலும் இருப்பதால், முகவாய்க் கிழிசலுக்குத் தையல் போடுகிறவர் காதருகே தொட்டுப் பார்க்காமலே அனுப்பிவிடுவது அடிக்கடி நடக்கிறது. முகவாயில் அடிபட்டு வரும் எந்தக் குழந்தையையும் வாயை அகலத் திறக்கச் சொல்லி, பற்களைக் கடிக்கச் சொல்லி, இரு காதுகளின் முன்னும் விரல் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதை நான் மிகவும் அழுத்தமாகச் சொல்வேன். நான்கு நாளில் நீங்களே சந்தேகப்பட்டு வேறிடம் அழைத்துச் சென்றது பெரிய காரியம்.

குழந்தையின் தாடைக் கழுத்து பெரியவர்களுடையதைவிடக் குட்டையாகவும் பருமனாகவும் இருக்கும். வெளி ஓடு மெல்லியது, உள்ளே ரத்த ஓட்டம் மிகுதி. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் அடி பலமாக இருந்தால் குமிழே மூட்டுக்குள் நசுங்கிவிடுவதுண்டு. அதைவிடச் சற்றுப் பெரிய பிள்ளைகளில் பச்சைக் கிளையை ஒடித்தால் ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்பதைப்போலக் கழுத்து அரைகுறையாக முறிந்து சாய்கிறது. குமிழின் முன்புறம் ஒட்டியிருக்கும் ஒரு தசை, முறிந்த துண்டை முன்னும் உள்ளுமாக இழுத்துவிடுகிறது. உங்கள் மகனின் ஸ்கேனில் குமிழ் உள்பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொன்னார்களே, அது இப்படி நேர்ந்ததுதான். படத்தில் பார்க்கப் பயமாக இருக்கும். 'இப்படிக் கோணலாகவே கூடிவிடாதா?' என்றுதான் எந்தப் பெற்றோரும் கேட்பார்கள். மருத்துவ உலகமும் நெடுங்காலம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

முக எலும்புகள் எப்படி வளர்கின்றன என்பது ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் கால விசாரணை. லண்டனைச் சேர்ந்த ஜான் பெல்ச்சியர் என்னும் அறுவை மருத்துவர், 1736 வாக்கில், துணிக்குச் சாயமிடும் ஒருவர் வீட்டு விருந்தில் பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியின் எலும்புகள் சிவந்திருப்பதைக் கவனித்தார். சாயப்பட்டறையில் மீந்த, நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த சாயவேர் கலந்த தவிட்டை அந்தப் பன்றிகள் தின்றிருந்தன. சாயம் புதிதாக உருவாகும் எலும்பில் மட்டுமே படியும் என்பது பிறகு தெளிவாயிற்று. ஜான் ஹண்டர் அதே வழியைப் பின்பற்றி, பன்றிகளுக்குச் சாயவேரைக் கொடுத்தும் நிறுத்தியும் பார்த்து, கீழ்த்தாடை நடுவில் இழுபட்டு நீள்வதில்லை, அதன் பின்விளிம்பில் புது எலும்பு சேர்ந்துகொண்டே போக முன்விளிம்பில் பழைய எலும்பு கரைந்து கடைவாய்ப் பற்களுக்கு இடம் விடுகிறது என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் கோபன்ஹேகனின் ஆர்னே பியோர்க் குழந்தைகளின் தாடை எலும்பில் மிகச் சிறிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்-ரே எடுத்து, எந்தப் பகுதி நகர்கிறது, எது நிலையாக நிற்கிறது என்று அளந்து 1955-இல் வெளியிட்டார். முகவாயின் முன்புறத்தில் எலும்பு அதிகம் சேர்வதில்லை என்றும், பின்னாலும் மேலே குமிழிலும் சேரும் வளர்ச்சிதான் முகவாயை முன்னே கொண்டுவருகிறது என்றும் நாம் இன்று உறுதியாகச் சொல்வது இத்தகைய உழைப்பால்தான்.

குமிழில் வளர்ச்சி நடக்கிறது என்றதும் ஒரு அச்சமும் கூடவே வந்தது. கால் எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டு நசுங்கினால் கால் குட்டையாகிவிடும். அதுபோலக் குமிழ் முறிந்தால் தாடையும் வளராமல் நின்றுவிடும் என்று எண்ணினார்கள். ஆனால் தாடை அந்த வகை எலும்பு அன்று. கை கால் எலும்புகள் கருவிலேயே குருத்தெலும்பு வடிவில் அமைந்து பிறகு எலும்பாகின்றன. மண்டையின் மேலோடும் முகத்தின் பெரும்பாலான எலும்புகளும் அப்படியில்லாமல், மெல்லிய சவ்விலிருந்து நேரடியாகவே எலும்பாகின்றன. குமிழின் மேலுள்ள குருத்து, அப்படி உருவான தாடையின் மீது கருவில் பின்னால் வந்து சேர்வது. அது தானாகத் தள்ளி வளர்வதைக் காட்டிலும், தசைகளும் அசைவும் எந்தப் பக்கம் கூப்பிடுகின்றனவோ அந்தப் பக்கம் வளர்கிற இயல்புடையது. நியூயார்க்கின் மெல்வின் மாஸ் 1960-களில் இதை இன்னும் தீவிரமாக வாதிட்டு, எலும்பு எப்போதும் செயலின் பின்னாலேயே போகிறது என்றார். அவர் சொன்னது முழுவதையும் இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. ஆனாலும் அசைவுக்கும் எலும்பு வளர்ச்சிக்கும் உள்ள உறவு அவர் சுட்டிய திசையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

உங்கள் மகனுக்கு நேரடியாகப் பொருந்தும் ஆய்வுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் ராபர்ட் வாக்கர் 1960-இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் பருவத்து ரீசஸ் குரங்குகளின் தாடைக் குமிழை முறித்து இடம்பெயர்த்துவிட்டுக் கவனித்தபோது, மூட்டு மீண்டும் உருவாகித் தாடையும் வளர்ந்தது. அதன் பிறகு ஸ்காண்டிநேவிய நாடுகளில் கில்ஹூஸ்-மோ 1969-இலும் லுண்ட் 1974-இலும், இளவயதில் குமிழ் முறிந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள். பல குழந்தைகளில் முறிந்து சாய்ந்த பழைய குமிழ் மெல்லக் கரைந்துபோய், முறிவு நடந்த இடத்தில் எலும்பைப் போர்த்தியிருக்கும் மேலுறையிலிருந்து புதிய குமிழ் ஒன்று ஏறத்தாழப் பழைய அளவிலேயே உருவானது. ஒரு சிலருக்கு அது இயல்பைவிடச் சற்று அதிகமாகவும் வளர்ந்தது. வளர்ச்சி குன்றியவர்கள் 15 முதல் 20 விழுக்காடு வரை மட்டுமே. பெரியவர்களின் தாடை இப்படித் தன்னைப் புதிதாகச் செய்துகொள்வதில்லை. வயது குறையக் குறையத்தான் இந்த ஆற்றல் கூடுகிறது. (இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் மண்டையோட்டில் ஒரு பகுதி இல்லாமற்போனாலும், மூளையைப் போர்த்திய தடித்த உறையின் உதவியால் அது தானே மூடிக்கொள்வதுண்டு. தலைக்கும் முகத்துக்கும் இளமையில் வாய்த்திருக்கும் இந்த வரத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.)

அப்படியானால் அந்த 15, 20 விழுக்காட்டினருக்கு என்ன நேர்ந்தது? உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி உண்மையில் இதுதான். அமெரிக்காவின் புரோஃபிட்டும் அவருடைய சகாக்களும் 1980-இல் எழுதிய கட்டுரையில், தாடை சிறுத்தோ கோணியோ வரும் நோயாளிகளில் சிலருக்கு, யாருமே கண்டுபிடிக்காமல் விட்ட சிறுவயதுக் குமிழ் முறிவுதான் காரணம் என்று காட்டினார்கள். குருத்து அழிந்ததைவிட, முறிவைச் சுற்றி ஏற்பட்ட தழும்பு தாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அது முன்னே நழுவ முடியாதபடி தடுத்ததே வளர்ச்சிக் குறைவுக்கு முதன்மைக் காரணம் என்பது அவர்களின் விளக்கம். என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. அசையாத மூட்டில் தழும்பு சுருங்கி இறுகுகிறது. மூட்டுக்குள் ரத்தம் கசிந்து உறைந்திருந்தால், ஓய்வாக விடப்பட்ட குழந்தையில் அந்த உறைவே எலும்பாகி, தாடையை மண்டையோட்டோடு ஒட்டவைத்துவிடக்கூடும். ஆங்கிலோசிஸ் என்று நாங்கள் சொல்லும் நிலை இது. அப்படி இறுகிய வாயோடு எங்களிடம் வரும் பிள்ளைகளின் முகவாய்க்குக் கீழே பெரும்பாலும் ஒரு பழைய தையல் தழும்பு இருக்கும். பெற்றோரைக் கேட்டால், சின்ன வயதில் ஒருமுறை விழுந்தான், தையல் போட்டோம், ஆறிவிட்டது என்பார்கள். அந்தப் பிள்ளைகள் பல் விழுந்த இடைவெளி வழியே கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பார்கள். பிரஷ் உள்ளே போகாததால் பற்கள் சொத்தையாகும். முகவாய் பின்தங்கி மூச்சுக் குழல் நெருக்கப்படுவதால் இரவில் குறட்டை விட்டுத் திணறுவார்கள். இவ்வளவையும் தடுக்க வேண்டிய நேரம் காயம்பட்ட முதல் சில மாதங்கள்தான். உங்கள் மகன் இப்போது அந்த மாதங்களுக்குள் இருக்கிறான்.

ஆகவே துணியால் கட்டிவைப்பது வேண்டவே வேண்டாம். கை எலும்பு முறிந்தால் அசையாமல் வைப்பது சரி. உங்கள் மாமியார் அந்த அனுபவத்தில் இருந்துதான் பேசுகிறார், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இது மூட்டை ஒட்டிய முறிவு. அதுவும் வேகமாக எலும்பு வைக்கும் குழந்தையின் மூட்டு. வலி தாங்காதபோதோ கடி மிகவும் பிசகியிருக்கும்போதோ பற்களில் கம்பியும் ரப்பரும் மாட்டி வாயை மூடிவைப்பதுண்டு. குழந்தைகளுக்கு அதையும் 7 முதல் 10 நாட்களுக்கு மேல் நாங்கள் நீட்டுவதில்லை. மூன்று வாரம் கடந்த நிலையில் எந்தக் கட்டுக்கும், அது புத்தூர் கட்டாகவே இருந்தாலும், இந்த மூட்டில் வேலை கிடையாது. மேலும், முகத்தைச் சுற்றிப் போடும் கட்டு வெளியே தாடையை மூடிவைக்குமே தவிர, உள்ளே ஆழத்தில் சாய்ந்திருக்கும் குமிழை எட்டவே எட்டாது.

பிளேட் வைப்பதைப் பற்றி உறவினர் சொன்னதற்கும் பதில் உண்டு. குமிழை எட்ட வேண்டுமானால் முகத் தசைகளை அசைக்கும் நரம்பின் கிளைகளுக்கு இடையே போக வேண்டும். புதிய குமிழை உண்டாக்கப்போகும் மேலுறையையே எலும்பிலிருந்து பிரிக்க வேண்டும். ஸ்க்ரூ போட இடமில்லாத அளவுக்குத் துண்டு சிறியது. இவ்வளவு செய்தும் குழந்தைகளில் தானாகக் கிடைப்பதைவிட நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டப்படவில்லை. ஆனாலும் அறுவையைத் தவிர்க்க முடியாத சூழல்கள் சில உண்டு. குமிழ் மண்டையோட்டைத் துளைத்து உள்ளே போயிருந்தால், மூட்டுக்குள் அந்நியப் பொருள் ஏதும் புகுந்திருந்தால், முறிந்த துண்டு குறுக்கே நின்று வாயைத் திறக்கவே விடாமல் தடுத்தால், ரப்பர் மாட்டியும் பற்களைப் பொருத்தவே முடியாமற்போனால், அப்போது திறந்துதான் ஆக வேண்டும். உங்கள் மருத்துவர் ஸ்கேனில் இவற்றைத் தேடிப் பார்த்திருப்பார். மறுமுறை போகும்போது இந்த நான்கில் ஏதாவது இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

இனிப் பயிற்சி. சாப்பாட்டுக்குச் சற்று முன்பாக ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை செய்ய வையுங்கள்; ஒவ்வொரு வேளையும் ஐந்து நிமிடம் போதும். வலி மிகுதியாக இருந்தால் அரைமணி நேரம் முன்னதாக, அவன் எடைக்கேற்ப மருத்துவர் எழுதித் தந்த அளவில் பாராசிட்டமால் கொடுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சூடு பொறுக்கும் அளவில் காதின் முன்புறம் சற்று நேரம் வைத்திருந்தால் தசை இளகும். பிறகு அவனைக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் நேர்க்கோடு ஒன்று போட்டு, மூக்கின் நடுவும் மேல் முன்பற்களின் நடுவும் அந்தக் கோட்டில் வரும்படி நிற்கச் சொல்லுங்கள். வாயைத் திறக்கும்போது முகவாய் அடிபட்ட இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போவதை அவனே பார்ப்பான். காரணம், வலப்பக்கக் குமிழ் முன்னே நழுவுகிறது, இடப்பக்கக் குமிழை முன்னே இழுக்க வேண்டிய தசைக்கு இப்போது பிடிமானம் இல்லை. முகவாய் கோட்டைவிட்டு விலகாமல் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, ஐந்து எண்ணி, மூட வேண்டும். அடுத்து, கீழ்ப்பற்களை மேற்பற்களுக்கு முன்னே கொண்டுவர வேண்டும். கடைசியாகத் தாடையை வலப்பக்கம் தள்ள வேண்டும். இந்த வலப்பக்க அசைவுதான் அவனுக்கு மிகவும் கடினமாக இருக்கும். இடப்பக்கக் குமிழை முன்னே நழுவப் பழக்குவது அதுதான் என்பதால், அவன் மறுத்தாலும் விட்டுவிடாமல், விரலால் லேசாகத் தள்ளி உதவுங்கள்.

திறப்பு போதவில்லை என்றால் ஐஸ்கிரீம் குச்சிகள் உதவும். சுத்தமான குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே வைத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒரு குச்சி வீதம் நடுவில் சொருகிக் கூட்டிக்கொண்டே போகலாம். ஏழு வயதில் முன்பற்கள் விழுந்தும் முளைத்தும் ஆடிக்கொண்டும் இருக்கும். ஆடும் பல்லின் மேல் குச்சியின் அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தால் வலி கொஞ்சம் வரும், வரட்டும். ஆனால் பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் வலி தணியாவிட்டால் அன்றைக்கு அளவு கூடிவிட்டது என்று பொருள். இலக்கு எளிமையானது. அவனுடைய ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து நிமிர்த்தி முன்பற்களுக்கு நடுவே அவனால் நுழைக்க முடிய வேண்டும். உங்கள் விரல்களால் அளக்காதீர்கள், அவனுடைய விரல்தான் அவன் வாய்க்கு அளவு. ஸ்கேலில் அளந்தால் இந்த வயதுக்கு 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. வாரம் ஒருமுறை அளந்து தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எண்ணிக்கை ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அதிலும் குறிப்பாகக் கூடிவந்த அளவு குறையத் தொடங்கினால், அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். பயிற்சியைக் குறைந்தது மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அதன் பிறகும் எப்போது குறைப்பது என்பதை மருத்துவர் முடிவுசெய்யட்டும்.

உணவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் கொடுக்கலாம், மெல்ல முடியாத குழந்தைக்கு இதமான உணவு அது. ஆனால் அதில் கால்சியம் மிகக் குறைவு. எலும்பைக் கொதிக்க வைத்தால் கால்சியம் அவ்வளவாகக் கரைந்து வருவதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழ், பால், குழைய வேகவைத்த பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன் இவற்றிலிருந்தே அவனுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். பிரண்டைத் துவையலை நன்றாக வதக்கி அரைத்து, தொண்டையில் அரிக்காதபடி செய்தால் உணவாகக் கொடுப்பதில் தடையில்லை. அதைச் சிகிச்சையாக நம்பிப் பயிற்சியைக் குறைத்துவிடாதீர்கள். மூன்று வாரம் ஆகிவிட்டதால் இட்லி, இடியாப்பம் போன்ற மென்மையான உணவை இரண்டு பக்கமும் மென்று தின்னப் பழக்குங்கள். மெல்வதும் பயிற்சியே. முறுக்கு, கரும்பு போன்றவை இன்னும் சில வாரம் போகட்டும்.

முகம் கோணுமா என்ற கேள்விக்கு, பெரும்பாலும் கோணாது என்று மனப்பூர்வமாகச் சொல்ல முடியும். ஒருபோதும் கோணாது என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது. மண்டையோடு ஆறு வயதுக்குள் பெரியவர் அளவில் பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடும். முக எலும்புகளிலேயே கடைசியாக வளர்ச்சியை முடிப்பது கீழ்த்தாடைதான். ஆண் பிள்ளைகளுக்கு அது பதினெட்டு வயது வரைகூட நீளலாம். உங்கள் மகனின் தாடைக்கு இன்னும் பத்து ஆண்டுக்கு மேல் வளர்ச்சி பாக்கியிருக்கிறது. தன்னைத் திருத்திக்கொள்ள அதற்குக் கிடைத்திருக்கும் அவகாசம் அது. கோணல் தோன்றினால் வெளிப்படுவதும் அந்த அவகாசத்தில்தான், பெரும்பாலும் வேகமாக உயரும் பருவத்தில். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேர் முன்னால் நின்று, பற்களைக் கடித்துச் சிரிக்க வைத்து ஒரு படம் எடுத்துவையுங்கள். மேல் கீழ்ப் பற்களின் நடுக்கோடுகள் விலகுகின்றனவா, முகவாய் இடப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். வளர்ச்சி குன்றினால் அடிபட்ட பக்கம் கன்னம் புடைத்தும் நல்ல பக்கம் தட்டையாகவும் தெரியும். இதைப் பார்த்து நல்ல பக்கத்தில்தான் கோளாறு என்று பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். தொடக்கத்திலேயே கண்டால், பல் சீரமைப்பு மருத்துவர் தாடையை நேராகவும் முன்னாலும் நிறுத்திப் பழக்கும், கழற்றி மாட்டக்கூடிய ஒரு சாதனத்தைச் செய்து தருவார். அது வளர்ச்சியைச் சரியான பக்கம் திருப்பப் பெரிதும் உதவும்.

எல்லாம் செய்தும் மூட்டு இறுகிவிட்டால் அதற்கும் வழி இருக்கிறது. ஒட்டிய எலும்பை வெட்டி எடுத்து, நடுவே தசைப் படலத்தை வைத்து, தேவைப்பட்டால் விலா எலும்பின் குருத்து நுனியைக் கொண்டு புதிய குமிழ் அமைக்கும் முறையை அமெரிக்காவின் கபானும் சகாக்களும் 1990-இல் வகுத்துத் தந்தார்கள். சிறுத்த தாடையை வெட்டி, கருவி பொருத்தி, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டும் முறையை, ரஷ்யாவின் இலிசரோவ் கால்களுக்குச் செய்துகாட்டியதன் வழியில், மெக்கார்த்தி 1992-இல் குழந்தைகளின் தாடைக்குக் கொண்டுவந்தார். இவை பெரிய அறுவைகள். அவற்றுக்குப் பின்னும் பல மாதம் இதே வாய்ப் பயிற்சியைத்தான் செய்ய வேண்டியிருக்கும்.

ஸ்டெம் செல் ஊசி குறித்து மிகுந்த எச்சரிக்கையோடு இருங்கள். ஆராய்ச்சி உண்மையானது, ஊசி விற்பனை வேறு. இப்படி மெல்ல இழுத்து நீட்டும்போது எலியின் தாடையில் என்ன நடக்கிறது என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்து 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். முக எலும்புகள் பலவும் கருவில் நரம்பு முகடு எனப்படும் பகுதியின் உயிரணுக்களில் இருந்து தோன்றுபவை. இழுவிசையை உணர்ந்த தாடையின் ஸ்டெம் செல்கள் அந்தக் கருப்பருவ இயல்புக்கு ஓரளவு திரும்பிப் புது எலும்பை உண்டாக்கின என்பது அவர்கள் கண்டது. உடலில் ஏற்கனவே இருக்கும் செல்களை அளவான அசைவு எழுப்புகிறது என்பதற்கு அது சான்று. வெளியிலிருந்து ஊசியில் ஏற்றலாம் என்பதற்குச் சான்று அன்று. நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்றவை அனுமதி பெற்ற ஆய்வுகளுக்குள் மட்டுமே நடக்க வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு குழந்தையின் தாடையில் ஊசி போட முன்வருகிறவர் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் படங்களையும் கொண்டுபோங்கள். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், பிறகு வளர்ச்சி முடியும் வரை ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொதுவான வரிசை. எக்ஸ்-ரே ஒவ்வொரு முறையும் தேவைப்படாது. உங்கள் ஊரில் இருந்து அந்த மருத்துவமனைக்கு அடிக்கடி போய்வருவது சிரமம் என்றால், சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரம் ஆகிய ஊர்களின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் எது கிட்டமோ அங்கே தொடரலாம்; முதல் ஸ்கேன் படத்தின் பிரதியை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், பல ஆண்டு கழித்து ஒப்பிட அது தேவைப்படும். பள்ளிக்கு இப்போதே அனுப்பலாம். ஓடிப்பிடித்து விளையாடுவதையும் சைக்கிளையும் முறிவு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் இன்னும் ஒரு மாதத்துக்குள் சொல்லிவிடுவார். வகுப்பு ஆசிரியரிடம் விவரத்தைச் சொல்லி, மதிய உணவுக்கு முன் கைகழுவப் போகும்போது ஐந்து நிமிடம் பயிற்சி செய்ய அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி நாட்களில் பெரும்பாலும் விட்டுப்போவது நடுப்பகல் பயிற்சிதான்.